வரி இல்லாத தசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. ஆந்திரச் சித்தூர் வேறு; எனக்கு வரவேண்டிய பார்சல் ஒருமுறை அங்கே போய்ச் சுற்றிவிட்டுத்தான் வந்தது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கத்துப் பிள்ளைகள் பலர் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, அப்புறம் பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ நர்சிங், லேப் டெக்னீஷியன் என்று சேருகிறார்கள். நான் ஹிஸ்டோ லேபில், அதாவது அறுவை சிகிச்சையில் எடுத்த சதைத் துண்டை ஸ்லைடாக்கும் இடத்தில், பல வருடமாக வேலை செய்கிறேன். அதனால் சந்தேகம் என்றால் என்னிடம் வருவார்கள். தசையில் மூன்று வகை உண்டு: எலும்புத்தசை, இதயத்தசை, வரியற்ற தசை. முதல் இரண்டையும் சுலபமாகப் படித்துவிடுகிறார்கள், மூன்றாவதில்தான் தடுமாற்றம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, மென்தசை, வரியற்ற தசை, மினுசபேசி. எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஸ்மூத் மசில். எலும்புத்தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கே வரிவரியாகக் கோடு தெரியும். இதில் அந்தக் கோடு கிடையாது, வழவழவென்று இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

'மென்தசை' என்ற சொல்லில்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். மென்மை என்றதும் தொட்டால் மெத்தென்று இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். கோழியின் அரைவைப்பையைச் சாப்பிட்டிருப்பீர்கள். குக்கரில் அத்தனை விசில் விட்ட பிறகும் பல்லுக்கு ரப்பர் மாதிரி நிற்குமே, அது முழுக்க இந்தத் தசைதான். இந்தத் தசையின் புரதங்களை ஆராய்ந்தவர்களுக்குப் பெரிய கச்சாப்பொருளே கோழி அரைவைப்பைதான். அவ்வளவு அடர்த்தியாக, வேறு கலப்பு அதிகம் இல்லாமல் வேறெங்கே கிடைக்கும்? அதனால் நான் 'வரியற்ற தசை' என்றே எழுதுகிறேன்.

மலையாளத்தில் தசைக்குப் பேசி என்று பெயர். நமக்குப் பேசி என்றால் செல்பேசி. தங்கச்சி ஒருத்தி தமிழ்த் தேர்வுத் தாளில் 'இதயப்பேசி' என்று எழுதிவிட்டு வந்தாள். மதிப்பெண் கொடுத்தார்களா என்று கேட்டேன், சொல்லவில்லை.

இந்தத் தசை உடம்பில் எங்கே இருக்கிறது?

உள்ளே குழாயாகவும் பையாகவும் இருப்பதன் சுவரில் எல்லாம். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி, இரைப்பை, குடல், பித்தப்பை, சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மூச்சுக்குழல்கள், ரத்தக்குழாய்கள். குழாயல்லாத இடத்திலும் உண்டு: கண்மணியைச் சுருக்கி விரிக்கும் தசை, மயிர்க்காலை நிமிர்த்தும் துளியூண்டு தசை. புல்லரிக்கிறது என்கிறோமே, அந்த வேலை இதனுடையது.

உணவுக்குழாய் தேர்வுக்குப் பிடித்த இடம். மேலே எலும்புத்தசை வகை, நடுவில் இரண்டும் கலந்து, கீழே வரியற்ற தசை மட்டும். ஒரு வாய்ச் சோற்றை விழுங்கத் தொடங்குவது நம் விருப்பம். பாதி வழியில் அது நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

ஒரு செல் எவ்வளவு பெரியது? கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது. இரண்டு முனையும் கூர்ந்து நடுவில் பருத்த வடிவம். பழைய ஆதாரப் பள்ளிகளில் நூல் நூற்ற தக்கிளியைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பார்க்காதவர்கள் இரண்டு பக்கமும் சீவிய பென்சிலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அகலம் 5 முதல் 10 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நீளம் இடத்துக்கு இடம் மாறும். சின்ன ரத்தக்குழாயில் 20 மைக்ரான், குடலில் 200 மைக்ரான் அளவு, நிறைமாதக் கர்ப்பப்பையில் 500 மைக்ரான் வரை. கர்ப்பமில்லாதபோது 60 கிராம் அளவில் இருக்கும் கர்ப்பப்பை பிரசவ சமயத்தில் ஒரு கிலோவைத் தொடுகிறது. அதில் பெரும்பங்கு செல்களின் எண்ணிக்கை கூடியதால் வந்ததல்ல. ஒவ்வொரு செல்லும் நீண்டு தடித்ததால் வந்தது.

எலும்புத்தசை இழை சென்டிமீட்டர் கணக்கில் நீளும், ஒரே இழையில் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே ஒரு செல்லுக்கு ஒரே உட்கரு, அதுவும் நட்ட நடுவில்.

ஸ்லைடில் பார்த்தால் எல்லாம் ரோஸ் கலர் கோடாகத்தான் தெரிகிறது. இதுதான் வரியற்ற தசை என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் பார்ப்பது எச் அண்ட் ஈ சாயம் ஏற்றிய ஸ்லைடு. ஹிமட்டாக்சிலின் உட்கருவை ஊதாவாக்கும், இயோசின் மற்றதை ரோஸாக்கும். தசை, நரம்பு, கொலாஜன் என்ற நார், மூன்றுமே ரோஸ்தான். அதனால் நிறத்தை நம்பிப் போனால் ஏமாறுவீர்கள். உட்கருவைத் தேடுங்கள்.

முதலில் சின்ன லென்ஸில், 4 அல்லது 10 மடங்கு பெரிதாக்குவதில் வைத்து, எந்த உறுப்பு என்று பாருங்கள். நேராக 40க்குத் தாவாதீர்கள். குடல் என்றால் உள்பக்கம் விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள் தெரியும். அங்கிருந்து வெளிப்பக்கமாக ஸ்லைடை நகர்த்திக்கொண்டே வந்தால் இரண்டு தடித்த ரோஸ் பட்டைகள் வரும். உள்பட்டையில் செல்கள் குழாயைச் சுற்றி வளையமாக ஓடும். வெளிப்பட்டையில் குழாயின் நீளவாக்கில். குடலைக் குறுக்கே வெட்டியிருந்தால் உள்பட்டை நீளவாட்டில் வெட்டுப்பட்டும், வெளிப்பட்டை குறுக்கே வெட்டுப்பட்டும் தெரியும். ஒரே ஸ்லைடில் இரண்டு தோற்றமும் பக்கத்தில் பக்கத்தில். இதைவிட நல்ல பாடப்புத்தகம் வேறு வேண்டாம்.

இப்போது 40 லென்ஸ். உள்பட்டையில் செல்லின் எல்லை சரியாகத் தெரியாது, ஒன்றோடு ஒன்று அப்பி நிற்கும். ஆனால் உட்கரு தெளிவாகத் தெரியும்: சுருட்டு மாதிரி நீண்டு, இரு முனையும் மழுங்கி, ரோஸ் நிறத்தின் நடுவில் இருக்கும். சில இடத்தில் உட்கரு திருகித் திருகி, கார்க் திறக்கும் திருகாணி போல இருக்கும். அது வெட்டியதில் வந்த பிழையல்ல. சுருங்கிய நிலையில் செல் ஃபார்மலினில், அதாவது சதைத் துண்டு கெடாமல் இருக்கப் போட்டுவைக்கும் திரவத்தில், உறைந்துபோனால், உள்ளே இருந்த உட்கருவும் சேர்ந்து மடங்கிவிடுகிறது. அப்படி ஒன்றைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், வரியற்ற தசைதான்.

வெளிப்பட்டைக்கு வாருங்கள். இங்கே வட்ட வட்டமாக, ஒன்று பெரிது, பக்கத்தில் ஒன்று சிறிது, இன்னொன்று புள்ளி மாதிரி. "அக்கா, பாதி செல்லுக்கு உட்கருவே இல்லை" என்பார்கள். வெள்ளரிப் பிஞ்சுகளைக் கட்டாகக் கட்டி, ஒன்றின் பருத்த நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இன்னொன்றின் நுனி வருகிற மாதிரி அடுக்கி, ஒரே வெட்டாகக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும்? நடுவில் வெட்டுப்பட்டது பெரிய வட்டம், நுனியில் வெட்டுப்பட்டது சின்ன வட்டம். உட்கரு நடுவில் மட்டும் இருப்பதால் பெரிய வட்டங்கள் சிலவற்றில்தான் அது தெரியும். செல்கள் இப்படி விட்டு விட்டு அடுக்கியிருப்பதால்தான் இடையில் இடமே வீணாகாமல் நெருக்கமாக நிற்கின்றன.

குழப்புகிறவை இரண்டு. கொலாஜன் நாரில் உட்கரு மெலிந்து, கறுத்து, நாருக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணிக்கையும் குறைவு. நரம்பில் உட்கரு அலை அலையாக நெளியும், மொத்தக் கட்டைச் சுற்றி ஒரு உறையும் இருக்கும். அப்படியும் தீராவிட்டால் மேசன் டிரைக்குரோம் என்ற சாயம் உண்டு: தசை சிவப்பு, கொலாஜன் நீலம். அதில் குழம்பவே முடியாது. ஆனால் தேர்வில் எச் அண்ட் ஈதான் வைப்பார்கள்.

ஏன் இதில் மட்டும் வரி இல்லை? சுருங்க வைக்கும் புரதம் இதில் இல்லையா?

இருக்கிறது. ஆக்டின் என்ற மெல்லிய இழை, மயோசின் என்ற தடித்த இழை, எலும்புத்தசையில் இருக்கும் அதே இரண்டும் இங்கேயும் உண்டு. அடுக்கியிருக்கும் விதம் வேறு.

எலும்புத்தசையில் எல்லா இழையும் ஒரே திசையில், ஒரே அளவில், அணிவகுப்பில் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கும். தடித்தது இருக்கும் இடம் கறுப்புப் பட்டை, மெல்லியது மட்டும் இருக்கும் இடம் வெளுப்புப் பட்டை. அதுதான் வரி. இங்கே இழைகள் செல்லின் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடுகின்றன. பட்டையாகச் சேர வழியே இல்லை.

அப்படியானால் எதைப் பிடித்து இழுப்பது? செல்லின் உள்ளே ஆங்காங்கே முடிச்சு மாதிரி சிறு திண்டுகள் உண்டு. அடர்பொருள்கள் என்று புத்தகத்தில் இருக்கும். ஆல்ஃபா ஆக்டினின் என்ற புரதம் அதில் நிறைய. ஆக்டின் இழையின் ஒரு முனை அதில் கட்டியிருக்கும். செல் சவ்வின் உள்பக்கத்திலும் இதே மாதிரி பட்டைகள் உண்டு. வின்குலின், டாலின் என்ற புரதங்கள் அங்கே கொக்கி வேலை பார்க்கின்றன. இந்தத் திண்டுகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்க இன்னொரு வகை இழை இருக்கிறது: டெஸ்மின், வைமென்டின். தடிமன் 10 நானோமீட்டர், அதாவது ஆக்டினைவிடத் தடிப்பு, மயோசினைவிட மெலிவு. இவை தாங்களாகச் சுருங்காது. இழுப்பைக் கடத்தும் கயிறு, அவ்வளவுதான்.

வைக்கோல் பாரம் ஏற்றிய டெம்போவைப் பார்த்திருப்பீர்கள். அறுப்பு முடிந்த பிறகு எங்கள் ரோட்டில் நாலு வண்டிக்கு ஒன்று அதுதான். மேலே கயிற்றை இப்படியும் அப்படியும் போட்டு, பக்கவாட்டுக் கொக்கிகளில் மாட்டி, ஒருவர் காலை முட்டுக்கொடுத்து இறுக்குவார். இறுக்க இறுக்கப் பாரம் மொத்தமாகக் குறுகும்; ஆனால் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் நடுவில் வைக்கோல் பிதுங்கும். சுருங்கிய வரியற்ற தசை செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அதே தோற்றம்: சவ்வு குமிழ் குமிழாகப் பிதுங்கி நிற்கும். கொக்கி மாட்டிய இடம் உள்ளே இழுபட்டு, மாட்டாத இடம் வெளியே தள்ளி.

வகுப்பில் இந்தப் பாடத்தை 'வரி கிடையாது, கிளை கிடையாது, பல உட்கரு கிடையாது' என்று 'கிடையாது' பட்டியலாகவே நடத்துகிறார்கள். அதனால்தான் மனதில் ஒட்டுவதில்லை என்று நினைக்கிறேன். அந்த வண்டிக் கயிற்றை வைத்துப் படித்தவர்கள் மறந்து நான் பார்த்ததில்லை.

இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் என்ன லாபம்?

சிறுநீர்ப்பையை நினைத்துப் பாருங்கள். காலியாக இருக்கும்போது சுருங்கிய பை. பஸ்ஸில் போகும்போது, இறங்க வழியில்லாமல், அரை லிட்டர் வரை நிறைந்து விரியும். அந்த விரிந்த நிலையிலிருந்தும் சுருங்கி வெளியேற்ற வேண்டும், பாதி நிலையிலிருந்தும் முடிய வேண்டும். அணிவகுப்பில் நிற்கும் எலும்புத்தசைக்கு அது ஆகாது. அதை அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று தொடாமல் போய்விடும், இழுக்கப் பிடி இருக்காது. எலும்புத்தசை சுருங்கும்போது தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வரியற்ற தசை மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும் குறைய முடியும்.

அதற்கு மயோசின் கட்டமைப்பும் உதவி. மயோசின் இழையில் ஆக்டினைப் பிடித்து இழுக்கும் நீட்சிகளுக்குத் தலைகள் என்று பெயர். எலும்புத்தசையின் மயோசின் இழையில் நடுவில் கொஞ்சம் தலைகள் இல்லாத இடம் இருக்கும். இரண்டு பாதியிலும் தலைகள் எதிரெதிர்த் திசையில் நிற்கும். ஆக்டின் அந்த நடுப்பகுதி வரைதான் வர முடியும். இங்கே இழையின் ஒரு பக்கம் முழுக்கத் தலைகள் ஒரு திசையிலும், மறுபக்கம் முழுக்க எதிர்த்திசையிலும் இழுக்கும். நடுவில் தடை இல்லாததால் ஆக்டின் கடைசி வரை வழுக்கிப் போகலாம். எண்ணிக்கையிலும் வித்தியாசம் உண்டு. எலும்புத்தசையில் ஒரு தடித்த இழைக்கு இரண்டு மெல்லிய இழை என்றால், இங்கே 10 முதல் 15.

டிரோபோனின் இல்லை என்கிறார்கள். அப்புறம் கால்சியம் வந்து எதைத் தொடும்?

கால்மாடுலின் என்ற புரதத்தை. எலும்புத்தசையில் ஆக்டின் மேல் டிரோபோனின் என்ற புரதம் காவல் இருக்கும்; கால்சியம் வந்தால் காவல் விலகும், மயோசின் பிடித்துக்கொள்ளும். வரியற்ற தசையில் பூட்டு மயோசின் பக்கம் இருக்கிறது. நான்கு கால்சியம் அயனிகள் ஒரு கால்மாடுலினில் ஒட்டும். அந்தக் கூட்டு ஒரு நொதியை எழுப்பும். அந்த நொதி மயோசின் கழுத்தில் இருக்கும் சின்னச் சங்கிலியில் பாஸ்பேட் ஒன்றை ஒட்டவைக்கும். அப்போதுதான் மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கும். பாஸ்பேட்டைக் கழற்ற வேறொரு நொதி. இத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருப்பதால் வேகம் குறைவு. ஒருமுறை சுருங்கி விரிய 1 முதல் 3 நொடி வரை ஆகலாம்.

மெதுவாக இருந்தாலும் சிக்கனம். பாஸ்பேட் கழன்ற பிறகும் மயோசின் உடனே விடாமல் ஆக்டினைப் பிடித்தபடியே நிற்கும் நிலை ஒன்று உண்டு. கதவைத் தள்ளிக்கொண்டே நிற்பதற்குப் பதில் தாழ்ப்பாள் போட்டுவிடுகிற மாதிரி. ஆங்கிலத்திலும் தாழ்ப்பாள் என்ற பொருளில்தான் லாட்ச் நிலை என்று பெயர். ரத்தக்குழாய் நாள் முழுக்க இறுக்கமாக நிற்க வேண்டும். கையால் ஒரு குடத்தை நாள் முழுக்கத் தூக்கி வைத்திருக்க முடியுமா? குழாய்த் தசைக்கு முடிகிறது, அதுவும் மிகக் குறைந்த ஏடிபி செலவில். ஏடிபி என்பது செல்லின் எரிபொருள்.

கேவியோலே என்றால் என்ன? ஸ்லைடில் காட்டச் சொன்னார்கள், எனக்குத் தெரியவே இல்லை.

யாருக்கும் தெரியாது, கவலை வேண்டாம். செல் சவ்வில் உள்நோக்கி மடிந்த குப்பி வடிவக் குழிகள் அவை. வாய் 100 நானோமீட்டருக்கும் கீழே. நம் லேப் நுண்ணோக்கியின் எட்டுக்கு அப்பால். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் சவ்வு ஓரமாக வரிசையாகக் குமிழ் குமிழாக இருப்பதைக் காட்டுவார்கள். காட்டச் சொன்னவர் படத்தைத்தான் சொல்லியிருப்பார்.

எலும்புத்தசை தடிமனானது. வெளியே வந்த செய்தி உள்ளே போய்ச் சேர சவ்விலிருந்து குழாய்கள் உள்ளே இறங்கும். வரியற்ற தசை செல் மெலிசு, அந்தக் குழாய்கள் இல்லை. உள்ளே கால்சியம் சேமிக்கும் வலைப்பின்னலும் சிறியது. ஆகவே கால்சியத்தில் நல்ல பங்கு வெளியிலிருந்து வர வேண்டும். செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். வழி திறந்தால் தானாகப் பாயும். அந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடப்பதில் இந்தக் குழிகளுக்குப் பங்கு உண்டு.

ஏன் கண்ணு, கறிக்கடையில வெட்டிப் போட்ட ஆட்டுக்குடல் நெளியுதே, உசிரு இருக்குதா?

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டது. பாடத்துக்கு வெளியே வந்த கேள்வி என்றாலும் இதுதான் எனக்குப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறரைக்கெல்லாம் போனால் பார்க்கலாம். கடைக்காரர் குடலை உருவி அலுமினியத் தட்டில் போட்டிருப்பார். சூடு ஆறியிருக்காது. தொடாமலே ஒரு இடம் ஒடுங்கும், ஒடுக்கம் மெல்ல நகரும், அடுத்த இடம் ஒடுங்கும். மண்புழு நகர்வது போலவே இருக்கும். விரலால் லேசாக நிமிண்டினால் அந்த இடம் வெளுத்துச் சுருங்கும்.

ஆட்டுக்கு உயிர் போய்விட்டது பெரியம்மா, குடல் செல்களுக்குக் கொஞ்ச நேரம் பாக்கி இருக்கிறது. மூளையின் உத்தரவு இந்தத் தசைக்குத் தேவையில்லை. வளையப் பட்டைக்கும் நீளப் பட்டைக்கும் இடையில் நரம்புப் பின்னல் ஒன்று இருக்கிறது, அதன் அருகே காஹல் செல்கள் என்று ஒரு வகை. தாளம் போடுவது அவை. மனித இரைப்பையில் நிமிடத்துக்கு 3 அலை, சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12. பெயருக்குரியவர் ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ காஹல், நரம்பு மண்டல ஆய்வுக்காக 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வரியற்ற தசை செல்லைத் தனியாகப் பிரித்துக் காட்டியது அவருக்கும் முன்னால், 1840களின் பிற்பகுதியில், ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர்.

ஒரு செல்லுக்கு வந்த மின்தூண்டல் அடுத்த செல்லுக்குப் போக, இரண்டு சவ்வையும் துளைத்த சிறு வழிகள் உண்டு. இடைவெளிச் சந்திப்புகள் என்று படித்திருப்பீர்கள். அதனால் ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றாகச் சுருங்கும். தன்னிடம் இருக்கும் ஏடிபி தீரும் வரை குடல் ஆடிக்கொண்டிருக்கும். மஞ்சளும் உப்பும் போட்டுச் சுடுதண்ணீரில் அலசும்போது சட்டென்று சுருண்டுகொள்கிறதே, அது வேறு கதை. சூட்டில் புரதம் கெட்டுச் சுருங்குவது.

எலும்புத்தசை மாதிரி ஒவ்வொரு செல்லுக்கும் நரம்பு வந்து தொடுமா?

பெரும்பாலும் இல்லை. தன்னியக்க நரம்பு, அதாவது நம் விருப்பம் இல்லாமல் தானாக வேலை செய்யும் நரம்பு, அதன் இழை தசை நடுவே போகும்போது மணிமாலை மாதிரி இடையிடையே புடைப்புகள் இருக்கும். அங்கிருந்து வேதிப்பொருளைத் தூவிவிட்டுப் போகும். குடல், கர்ப்பப்பை மாதிரி இடங்களில் சில செல்களுக்குச் செய்தி கிடைத்தால் போதும், இடைவெளிச் சந்திப்பு வழியாகப் பரவிவிடும். பிரசவம் நெருங்கும்போது கர்ப்பப்பையில் இந்தச் சந்திப்புகள் பெருகுகின்றன; வலி எடுக்கும்போது மொத்தமும் ஒரே பிடியாக இறுகுவது அதனால்தான். கண்மணித் தசையில் அப்படி இல்லை. அங்கே செல்கள் ஏறக்குறைய தனித்தனியாக நரம்பின் பேச்சைக் கேட்கும், அதனால் நுணுக்கமாக அளந்து சுருங்க முடியும்.

ஜிம்முக்குப் போனால் இது வளருமா?

வளராது.

ஆஸ்துமா பஃப் இந்தத் தசையில்தான் வேலை செய்கிறதா?

ஆம். மூச்சுக்குழலின் சுவரில் வரியற்ற தசை வளைத்துச் சுற்றியிருக்கும். அது இறுகினால் குழல் ஒடுங்கும், விசில் சத்தம் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மார்கழியில் புழுதியோடு அடிக்கும்போது எங்கள் ஊரில் யாருக்கு இழுப்பு என்று தெருவுக்கே தெரியும். பஃபில் இருக்கும் சால்பியூட்டமால் என்ற மருந்து அந்தத் தசை செல்லின் சவ்வில் இருக்கும் பீட்டா-2 ஏற்பியில் ஒட்டுகிறது. உள்ளே கால்சியம் குறைகிறது, முன்னே சொன்ன பாஸ்பேட் ஒட்டும் வேலை தளர்கிறது, தசை விரிகிறது. பல வருட ஆஸ்துமாவில் இந்தத் தசைப் பட்டையே தடித்துவிடுவதை ஸ்லைடில் பார்க்கலாம். எந்த பஃப், எத்தனை முறை என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

கர்ப்பப்பைக் கட்டி என்று வருவதும் இந்தத் தசையா? அது கேன்சரா?

ஃபைப்ராய்டு என்று சொல்லும் கட்டி, ஆம், வரியற்ற தசை செல்களால் ஆனது. கேன்சர் அல்ல. எலும்புத்தசை செல் பிரிந்து பெருகாது. வரியற்ற தசை செல்லுக்கு அந்தத் திறன் உண்டு. காயம் ஆற்றவும் அது உதவும், இப்படிக் கட்டியாகவும் ஆகலாம்.

எங்கள் மேசைக்கு வாரம் தவறாமல் வரும் சரக்கு இது. கத்தியால் பிளந்தால் வெளுப்பாக, கெட்டியாக, சுழி சுழியாக இருக்கும். பலாமரப் பலகையில் கணு இருக்கும் இடத்தைப் பார்த்தது போல. வெட்டிய பகுதி தட்டையாக நிற்காமல் உப்பி மேலே எழும்பும். ஸ்லைடிலும் அதே சுழிதான்: கட்டுக் கட்டாகச் செல்கள், ஒரு கட்டு நீளவாக்கில், பக்கத்துக் கட்டு குறுக்கே. இதே தசையில் கேன்சர் வருவது அபூர்வம். உட்கரு எவ்வளவு கோணலாக இருக்கிறது, எத்தனை செல் பிரிந்துகொண்டிருக்கிறது, செத்த பகுதி உண்டா என்று பார்த்துத்தான் ஸ்லைடைப் படிக்கும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட் சொல்வார். ஸ்லைடு செய்கிற நான்கூட ரிப்போர்ட் வரும் முன் வாய் திறப்பதில்லை. வீட்டில் யாருக்காவது இருந்தால் நெட்டில் படத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

எல்லா இடத்திலும் இந்தச் செல் ஒரே மாதிரிதானா?

அடிப்படை ஒன்று, குணம் வேறு. ரத்தக்குழாய் செல் தசை வேலையோடு நிற்காமல் தன்னைச் சுற்றியுள்ள கொலாஜனையும், எலாஸ்டின் என்ற இழுபடும் நாரையும் தானே சுரந்து சுவரைக் கட்டுகிறது. பெருந்தமனிச் சுவரில் எலாஸ்டின் அலை அலையான தகடாகவும், நடுநடுவே தசை செல்லாகவும் அடுக்கியிருக்கும். மிகச் சிறிய தமனியில் ஒன்றிரண்டு சுற்றுத் தசைதான். ரத்தக்குழாய் அடைப்பில் இந்தச் செல்களே சுருங்கும் வேலையைக் குறைத்துக்கொண்டு, பெருகி, உள்பக்கம் நகர்ந்து, நாரைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. கொத்தனாராகவும் கூலியாளாகவும் ஒரே ஆள்.

நாங்களே ஸ்லைடு போட்டோம், தசைப் பட்டை ஒன்றுதான் வந்தது. இன்னொன்று எங்கே?

மெழுகில் பதிக்கும்போது துண்டைப் படுக்க வைத்துவிட்டீர்கள். குடல் துண்டு என்றால் விளிம்பில் நிற்கும்படி, வெட்டுமுகம் கீழே வரும்படி பதிக்க வேண்டும். அப்போதுதான் கத்தி எல்லா அடுக்கையும் கடந்து போகும். மெழுகு உருகியிருக்கும் அந்தச் சில நொடிக்குள் இடுக்கியால் நிறுத்திப் பிடிக்கவேண்டும். கை பழகச் சில மாதம் ஆகும்.

நான் சேர்ந்த புதிதில் செய்த தவறு இதைவிட மோசம். குடல் துண்டைப் பழைய, நீர்த்துப்போன ஃபார்மலினில் போட்டுவிட்டுச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை வெட்டினால் உள்தோல் மொத்தமும் கரைந்து கூழ். உட்கருக்களெல்லாம் வெளிறிப்போய், செல்லும் செல்லும் பிரிந்து கிடந்தது. சீனியர் அண்ணன் ஒன்றும் திட்டவில்லை, அந்த ஸ்லைடை என் டிராயரில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் இருக்கிறது. 10 சதவீத ஃபார்மலின் புதிதாக, துண்டின் பருமனைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும்.

வெட்டும் தடிமன் 5 மைக்ரான். மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவியில் ரிப்பன் ரிப்பனாக வரும், மூச்சு விட்டால் பறக்கும். அந்த நேரத்தில் மேலே ஃபேன் ஓடக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும். பிளேடு மழுங்கியிருந்தால் தசைப் பட்டை முழுக்க இணை இணையாகக் கோடு விழும். போன வருடம் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, வரியற்ற தசையில் வரி இருக்கிறது" என்று ஓடி வந்தான்.

தேர்வில் படம் வரையும்போது எதை மறக்கக்கூடாது?

நுனியும் நடுவும் மாறி மாறி வருகிற மாதிரி ஐந்தாறு செல், ஒவ்வொன்றின் நடுவிலும் நீண்ட ஒரே உட்கரு, பக்கத்தில் குறுக்குவெட்டு வட்டங்கள், அவற்றில் இரண்டு மூன்றில் மட்டும் உட்கரு. எல்லா வட்டத்திலும் புள்ளி வைத்துவிடாதீர்கள்; திருத்துகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். உட்கருவுக்கு ஊதா, மற்றதற்கு ரோஸ் பென்சில். அடர்பொருளை எச் அண்ட் ஈ படத்தில் போடாதீர்கள், அது எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்கு.